பேர் வக்கீல் ஆபீசின் வெளி நாற்காலி

கொலைக் கேசும் வரப்புத் தகராறும் பார்க்கிற வக்கீல் ஆபீசுக்குக் கூட்டம் தானாக வரும். கடைப் பேரையும் கம்பெனி ஒப்பந்தத்தையும் மட்டும் பார்க்கிற ஆபீசில் ஃபேன் மட்டும்தான் சுத்திக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ஓர் ஆபீசில், கள்ளக்குறிச்சியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், வெளி நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவர்கள், ரேஷன் கடையில் "இன்னிக்கு மெஷின் வேலை செய்யல" என்று சொல்லித் திட்டு வாங்குகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் ஒன்று சொல்வார், வெளியே நிற்பவர் வேறொன்று கேட்பார், நடுவில் முழிப்பது நாம்தான். அதிலும் எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. ஆம்பளைகள் நாலு பேர் சேர்ந்து வந்துவிட்டால் "உக்காருங்க" என்கிற ஒரு வார்த்தைகூடத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

ஆனாலும் இந்த நாற்காலியை விடக்கூடாது என்று இருந்தேன். காரணம் இருக்கிறது. நான் அஞ்சாவது படிக்கும்போது எங்கள் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி. இப்போது என் வீட்டுக்காரரையும் மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வேலை இருக்கிறவரை நாங்கள் ஊரில் இருப்போம், பாப்பா பின் தெரு அங்கன்வாடியில் இருப்பாள். வேலை போனால் மூணு பேரும் மேஸ்திரி வேனில் ஏற வேண்டியதுதான். எங்கள் யமுனா மேடமோ சென்னையில் பெரிய ஆபீசில் இருந்தவர். தனி மாவட்டம் ஆகிவிட்டதே, இங்கேயும் வியாபாரிகளுக்கு இந்தச் சட்டம் வேண்டியிருக்கும் என்று நம்பி வந்தவர். நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார், தை மாசம் வாடகைப் பத்திரம் முடிகிறது, அதுவரைக்கும் பார்ப்பேன், ஆபீசு நிக்கலைன்னா சென்னைக்கே போய்விடுவேன் என்று.

இதில் இன்னொன்று. வக்கீல் தன்னை விளம்பரம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். ஊரில் எல்லார் பேரையும் காப்பாற்றுகிறவர் தன் பேரைப் பெரிசாக எழுதக்கூடாது. எங்கள் போர்டு ஒரு வாழை இலை அகலம்கூட இருக்காது. கீழே ஜெராக்ஸ் கடை ஏழுமலை அண்ணனிடம் முதல் வாரமே கேட்டேன், மேலே ஒரு ஆபீஸ் இருப்பது யாருக்காவது தெரியுமா என்று. அவர் சொன்னது: "எனக்கே நீ வந்து டீ வாங்கும்போதுதான் தங்கச்சி ஞாபகம் வருது."

உள்ளே யார் கூட சண்டை

பேர் பதிகிற ஆபீசு சென்னையில் இருக்கிறது. விசாரணை எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். மேடம் மேலே கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு, கீழே வீட்டுச் செருப்போடு, கதவைச் சாத்திவிட்டு உட்காருவார். அந்த நேரத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது. அதைச் சொல்லத்தான் நான்.

ஒருநாள் திருக்கோவிலூர்ப் பக்கமிருந்து ஒருத்தர் மஞ்சப்பையோடு வந்தார். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். பேசவேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தப்பித்துக்கொள்வது என் பழக்கம். அவரும் மரியாதையாக உட்கார்ந்தார். உள்ளே மேடம் இங்கிலீஷில் விளாசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துக்காரர் பேசுவது மேடம் காதில் மாட்டியிருக்கிற ஒயரில் போகும், வெளியே கேட்காது. ஃபேன் காற்றில் கதவு கொஞ்சம் திறந்துகொண்டது. மனிதர் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மஞ்சப்பையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள எதிராளியே இல்லம்மா. இந்தப் பொண்ணு தனியாவே சண்டை போட்டுக்கினு கீது. நம்ம கேசை நான் வேற எடத்துல பாத்துக்கறேன்."

அன்பான நோட்டீஸ்

அன்றைக்கே ஒன்று முடிவு பண்ணிக்கொண்டேன். இனி விரலைக் காட்டுவதில்லை, வாயைத் திறந்தே சொல்வது என்று. வீட்டில் பாப்பாவை எதிரே உட்காரவைத்து, "உக்காருங்க, மேடம் விசாரணையில இருக்காங்க, முடிஞ்சதும் கூப்பிடுவாங்க" என்று சொல்லிப் பழகினேன். பாப்பா ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தாள்.

அப்படிப் பழகி நான் முதலில் உட்காரவைத்த ஆள் பேக்கரி ரஹீம் பாய். அவருடைய கடைப் பேருக்கு முன்னால் 'புதிய' என்று ஒரு வார்த்தை சேர்த்து சங்கராபுரத்தில் இன்னொருத்தர் கடை போட்டுவிட்டார். அதே பச்சை போர்டு, அதே பெட்டி, அதே மஞ்சள் கயிறு. பாய்க்குக் கோபமென்றால் அப்படிக் கோபம். பேரை எடு, போர்டை எடு, எடுக்கவில்லை என்றால் கோர்ட்டுக்கு வா என்று காரமாக ஒரு நோட்டீஸ் வேண்டும் என்றார். மேடம் அப்படியே தயார் பண்ணி, தமிழிலும் வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க பாய் முகம் மாறிப்போனது. அங்கே கடை போட்டவர் அவருடைய சகலையாம். பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் அன்பா எழுதுங்கம்மா. நோன்பு வருது, ஒரே தட்டுலதான் கஞ்சி குடிக்கணும்."

மேடம் அன்பாகவே எழுதினார். 'புதிய' போனது, பச்சை போர்டு நீலமானது. சகலைகள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து எங்களுக்குப் பிளம் கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குடும்ப விஷயம், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் போனார்கள்.

நாள் குறித்தாகிவிட்டது

நம் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் நாள் பார்ப்பார்கள், மற்றதெல்லாம் அப்புறம்தான். இதனால் எங்கள் ஆபீசு படுகிற பாடு உங்களுக்குப் புரியும். ஒரு பெரிய டீக்கடைக் கம்பெனி, ஊர் ஊராக அதே பேரில் கடை போட்டுக் கொடுக்கிறது. அதை எடுக்கலாம் என்று ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். கரும்பு போடுகிற குடும்பம். கிணற்றடி நிலத்தை அடமானம் வைத்துத்தான் முன்பணம். ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷ், புத்தகம் மாதிரி கனம். ஆனால் திறப்பு விழாப் பத்திரிகை முதலிலேயே அடித்து, பாதி ஊருக்கு வைத்தும் முடித்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூணாம் நாள் முகூர்த்தம்.

மேடம் உட்கார்ந்து படித்துச் சொன்னார். டீத்தூளிலிருந்து கப்பு வரை கம்பெனிக்காரர்களிடம்தான் வாங்கணும். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பக்கத்துத் தெருவிலேயே இன்னொருத்தருக்குக் கடை கொடுக்கலாம். இவர்கள் விட்டுவிட்டுப் போனால் இந்த மாவட்டத்தில் மூணு வருஷம் டீ வியாபாரமே பண்ணக்கூடாது. மகன் முகம் வெளுத்துவிட்டது. இதையெல்லாம் பேசி மாத்தணும், அதுக்கு நாள் ஆகும், திறப்பு விழாவைத் தள்ளிப் போடுங்கள் என்றார் மேடம். பெரியவர் அசையவில்லை. "நாளை மாத்த முடியாதும்மா. வேணும்னா நீங்க அந்தக் கம்பெனிக்காரனை மாத்திடுங்க."

மேடம் ராத்திரி வரை போனில் பேசிப் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் அதே நாள், அதே முகூர்த்தத்தில், சொந்தப் பேரில் டீக்கடை திறந்தார்கள். அந்தப் பேரையும் மேடம்தான் பதிவுக்குப் போட்டுக் கொடுத்தார். கடை நன்றாக ஓடியது, நிலமும் தப்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம், இனிமேல் இவர் நாலு பேரிடம் எங்கள் ஆபீசைச் சொல்வார் என்று. ஒரு மாசம் கழித்துப் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். கையில் ஜவுளிக்கடைப் பை. எங்கே ஐயா என்று கேட்டதற்குச் சொன்னார்: "நம்ம ஜோசியருக்கு வேட்டி எடுத்துக்கினு போறேம்மா. அந்த மனுசன் குறிச்ச நாளுதான் எங்களைக் காப்பாத்துச்சு."

கிணத்து முறை

ஆடி முடிந்து வடக்கனந்தலிலிருந்து வந்தார்கள் கொளஞ்சியும் அவர் தம்பி அய்யாக்கண்ணும். 'முறம் மார்க் வெல்லம்' அவர்களுடையது. அப்பா காலத்திலிருந்து காய்ச்சுகிறார்கள். நம் பக்கம் பொங்கலுக்கு அந்த வெல்லம் வாங்காத வீடு கம்மி. அப்பா போனதும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம் ஆளுக்குப் பாதி. ஆலை தம்பிக்கு, வெல்லக் கொட்டகை அண்ணனுக்கு. கடைசியில் 'முறம் மார்க்' மட்டும் மிச்சம். ஆளுக்கொரு பக்கம் அதே முறத்தைப் போட்டு விற்று, ஒருவரையொருவர் போலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த இடைவெளியில் வெளியூர் வியாபாரி ஒருத்தர், அதே முறத்தை வரைந்து தன் பேரில் பதியப் போட்டுவிட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தார்கள். ஓடி வந்ததும் இரண்டு பஸ்ஸில்.

எங்கள் வெளி ரூமில் நாற்காலி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். அண்ணன் உட்கார்ந்தார், தம்பி நின்றார். நான் என் நாற்காலியைத் தூக்கிப்போய் எதிர்ச் சுவர் ஓரமாகப் போட்டேன். அப்புறம்தான் தம்பி உட்கார்ந்தார். உள்ளே போன பிறகு கதவு சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. முதலில் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நில்லுங்கள், அப்போதுதான் வெளியாளை எதிர்க்க முடியும் என்றார் மேடம். அதற்கு அண்ணன் ஒரு வழி சொன்னார். கிணற்றைப் பாகம் பிரிக்கும்போது தண்ணியைக் கிழிக்க முடியாது இல்லையா. நாலு நாள் அவனுக்கு, நாலு நாள் எனக்கு என்று முறை வைத்துத்தானே இறைக்கிறோம். அதே மாதிரி பேருக்கும் முறை போட்டுப் பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்றார். தம்பியும், இதில் மட்டும் அண்ணன் சொல்வது சரிதான் என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். கிணறு உங்களுக்காக இருக்கிறது, பேர் வாங்குகிறவர்களுக்காக இருக்கிறது. முறத்தைப் பார்த்து வாங்குகிற பொம்பளைக்கு இது யார் முறையில் காய்ச்சினது என்று தெரியாது. பேர் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருக்கலாம், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தொழிலாகத்தான் அதை வைத்துக்கொள்ள முடியும். தனித்தனியாக ஆண்டால் ஒரு நாள் இரண்டு பேருக்குமே இல்லாமல் போகும். அப்புறம் அய்யாக்கண்ணு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்: "சேந்து காய்ச்சறேன். ஆனா அவரு எனக்கு முன்னாடி பதம் பாக்கக் கூடாது, சொல்லிடுங்க."

மலையில் மாட்டியிருந்த சாமி

ஒன்று சேர்ந்தாயிற்று. அடுத்து, இந்தப் பேரை எவ்வளவு காலமாக ஆள்கிறோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். பில் உண்டா என்றால் இல்லை. அவர்கள் அப்பா காலத்தில் பில் ஏது. அய்யாக்கண்ணுவின் வீட்டுக்காரி பவுனு அக்காதான் சொன்னார், மாமனார் இருந்தபோது வருஷா வருஷம் கடைக்காரர்களுக்கெல்லாம் சாமி படம் போட்ட காலண்டர் கொடுப்பார், அதில் முறமும் வருஷமும் இருக்கும் என்று. தாளெல்லாம் கிழிந்து போயிருக்கும். ஆனால் சாமி படம் உள்ள அட்டையை யார் குப்பையில் போடுவார்கள்? கல்வராயன் மலைச் சந்தைக்கு அவர் நிறைய வெல்லம் ஏற்றினார், அங்கே போனால் கிடைக்கும் என்றார். மேடத்துக்கு அன்று விசாரணை. என்னைப் போகச் சொன்னார். நானும் பவுனு அக்காவும் மலை பஸ் ஏறினோம். அக்கா ஒவ்வொரு வளைவிலும் புளிப்பு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தார்.

மேலே ஒரு வீட்டில், முன்னாடி சின்னதாகக் கடை வைத்திருந்தவர்களாம், சுவரில் வரிசையாக மாட்டியிருந்தது. முருகன், பெருமாள், லட்சுமி, எல்லாம் அட்டை. ஒவ்வொன்றிலும் அடியில் முறம், பக்கத்தில் வருஷம். நடுவில் இருந்த லட்சுமிக்குப் பூகூட வைத்திருந்தது. அந்த வீட்டம்மா முறத்தில் தினை உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாமியைக் கழட்டிக் கொடு என்று எப்படிக் கேட்பது? பவுனு அக்கா என்னை இடித்துக்கொண்டே இருந்தார். தையில் ஆபீசை மூடுவார்கள், வேன் வரும் என்பதை நினைத்துக்கொண்டேன். கேட்டேன். விஷயம் எல்லாவற்றையும், வெளியூர் ஆள் பேரை எடுக்கப் பார்ப்பது வரைக்கும், முதலிலிருந்து கடைசி வரை நானே சொன்னேன். அந்தம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து, லட்சுமி அட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்: "சாமியைக் கழட்டக் கூடாது. நீ செல்லுல புடிச்சிக்கினு போ, நானு கூட நிக்கறேன்."

நின்றார். மேடம் அந்தப் படங்களோடு, அந்தம்மா வாக்குமூலத்தையும் வாங்கிச் சேர்த்து எதிர்ப்பு மனு போட்டார். கார்த்திகை பிறக்கும்போது வெளியூர் வியாபாரி தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரியின் வேன்

ஜெயித்தும் ஆபீசில் ஃபேன்தான் சுத்தியது. ஒரு நாள் மேடத்தோட அப்பா திருக்கோவிலூரிலிருந்து வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தார். அன்று வந்தது தண்ணி கேன் போடுகிறவர் மட்டும். சென்னையில் பழைய ஆபீசுக்காரர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று மேடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது, பக்கத்தில் இருந்த அப்பாவுக்கும் கேட்டது.

அன்று சாயந்தரம் வீட்டுக்காரர் சொன்னார், பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி வேன் அனுப்புகிறார், எத்தனை பேர் என்று சொல்லணும், ஆபீசு இருக்குமா இருக்காதா என்று ஒரு வார்த்தை கேட்டு வா என்று. பாப்பா அங்கன்வாடியில் பாடுகிற பாட்டைக் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மேடம் முன்னால் போய் நின்றேன். எனக்காகக் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மேடம், தைக்கப்புறம் ஆபீசு உண்டா? அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். "பொய் சொல்ல மாட்டேன் செல்வி. இன்னிக்குக் கேட்டா, இல்ல."

நாலு முனை ரோட்டில் மேடம்

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் கொளஞ்சியும் அய்யாக்கண்ணும் கள்ளக்குறிச்சியில் சேர்ந்து கடை திறந்தார்கள். அன்று காலை ஏழுமலை அண்ணன் கீழேயிருந்து கத்தினார், "தங்கச்சி, நாலு முனை ரோட்டுக்குப் போய்ப் பாரு, உங்க மேடம் பனமரம் உசரத்துக்கு நிக்கிறாங்க" என்று. ஓடிப் போய்ப் பார்த்தேன். பேனர். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி, நடுவில் மேடம். வாட்ஸப்பில் இருந்த படத்தை எடுத்திருக்கிறார்கள், யாரோ கல்யாணத்தில் பட்டுப் புடவையோடு, கையில் ஐஸ்கிரீம் கப்போடு நிற்பது. கீழே, 'முறம் மார்க்கைக் காத்த எங்கள் குலவிளக்கு, வழக்கறிஞர் யமுனா அவர்கள்' என்று. அதற்கும் கீழே, ஜெராக்ஸ் கடை மாடி என்று வழி வேறு.

யாராவது ஒருத்தர் படம் பிடித்துப் புகார் அனுப்பினால் போதும், மேடம் சென்னையில்கூட கோட்டு போட முடியாது. போன் பண்ணினேன், விசாரணையில் இருந்தார். ஒரு வரிதான் பதில் வந்தது, உடனே இறக்கச் சொல் என்று. பேனருக்கு அடியில் முப்பது நாப்பது ஆம்பளைகள், மேளக்காரர்கள், நடுவில் மாலையோடு கொளஞ்சி அண்ணன். போய் நின்றேன்.

"ணா, இந்த பேனரை இறக்கணும்ணா."

"இன்னாம்மா, படம் நல்லா இல்லியா?"

"வக்கீல் பேரைப் பேனர்ல போடக் கூடாதுணா. சட்டம்."

"காது குத்தறதுக்கு வெக்கிறான், மஞ்ச தண்ணிக்கு வெக்கிறான். நன்றி சொல்றதுக்கு சட்டமா?" அவர் முகம் சின்னதாகிப் போனது. "நானு வெச்சேன். அவங்களா வெச்சாங்க?"

"புகார் குடுக்கறவன் அதைப் பாக்க மாட்டாணா. அவங்க கோட்டு போயிடும்."

கூட்டத்தில் ஒருத்தர், "சாயந்தரம் எறக்கிக்கலாம் போம்மா, நல்ல நேரத்துல வந்து அபசகுனமா" என்றார். வேறு நாளாயிருந்தால் அங்கேயே கரைந்து போயிருப்பேன். அன்று போகவில்லை. பேனர் கட்டியிருந்த சவுக்குக் கம்பைக் கையால் பிடித்துக்கொண்டேன். "இறக்கற வரிக்கும் நான் நகர மாட்டேன்" என்றேன். எனக்கே என் சத்தம் புதுசாக இருந்தது. மேளம் நின்றுவிட்டது. "அந்தம்மா இல்லன்னா இன்னிக்கு இந்த முறம் வேற ஊருக்காரன் கையில. நாளிக்கு இன்னொருத்தன் எடுத்தா யாருகிட்ட போவீங்க? இங்க நிக்கிறவங்க கடைப் பேரெல்லாம் யாரு பேர்ல இருக்குதுன்னு யாருக்காவது தெரியுமா? கேட்டுச் சொல்லக்கூட இந்த ஊர்ல வேற ஆள் இல்ல. இருக்கிற ஒருத்தரையும் பேனர் வெச்சு அனுப்பிடாதீங்க."

முழு பேனரையும் இறக்கினால் திறப்பு விழாவில் பேனர் இல்லாத கடை ஆகிவிடும், அது கொளஞ்சி அண்ணனுக்கு மானக்கேடு. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாக்கண்ணு ஏணியில் ஏறினார். பிளேடால் மேடத்தை மட்டும், பேரோடு, வழியோடு, ஐஸ்கிரீம் கப்போடு, சதுரமாக அறுத்து எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணித் தொட்டி தெரிந்தது. கொளஞ்சி அண்ணன் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "போ தங்கச்சி, மேளம் அடிக்கச் சொல்லு. எங்க நடுவுல அந்தம்மா இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

ஓட்டையைப் பார்த்தவர்கள்

நடந்ததை மேடத்திடம் சொன்னேன். சுருட்டி வைத்ததைப் பிரித்துத் தன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, ஓட்டையைப் பத்தி இதில் ஒன்றும் இல்லை என்றார்.

முழுப் பேனரை யார் நின்று பார்க்கிறார்கள்? ஓட்டை விழுந்த பேனரை எல்லாரும் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தது யாரு, பாகத் தகராறா, யாரை வெட்டினாங்க என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். வெல்லம் நிறுத்துக்கொண்டே அண்ணன் பாதி கதையும் தம்பி மீதிக் கதையும் சொன்னார்கள். மறுநாள் சாயந்தரம் நகராட்சிக்காரர்கள் வந்து பேனரைக் கழற்றிக்கொண்டு போகும்போது அவர்களும் கேட்டார்களாம்.

அந்த வாரமே எண்ணெய் செக்குக்காரர் வந்தார். அப்புறம் அரிசி ஆலை, அப்பளம் போடுகிற மகளிர் குழு, சங்கராபுரத்திலிருந்து விதைக்கடை. ரஹீம் பாய் சகலையையும் கூட்டிக்கொண்டு வந்து, பதியாமல் விட்ட பேரைப் பதியச் சொன்னார். நாற்காலி பத்தாமல் ஏழுமலை அண்ணனிடம் ஸ்டூல் இரவல் வாங்கினேன். அவர்களை உட்காரவைக்க எனக்கு இப்போது யோசனை வருவதில்லை. தை பிறந்து மேடம் வாடகைப் பத்திரத்தைப் புதுசாக எழுதினார், சாட்சிக் கையெழுத்து நான். மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் எங்கள் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். பாப்பாவை ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன், அவள் அஞ்சாவதோடு நிற்கப்போவதில்லை. நேற்றுகூட ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, போர்டைப் படிக்காமல் என்னைக் கேட்டார்: "நாலு முனை ரோட்டுல ஓட்டையா இருந்தாங்களே, அந்த வக்கீலம்மா ஆபீசு இதுதான?"

ஊரில் எல்லாரும் தங்கள் முகத்தைப் பெரிசாகப் போட்டுப் பிழைக்கிறார்கள், எங்கள் ஆபீசு மட்டும் முகத்தை அறுத்தெடுத்த இடத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறது.